பிரெஞ்சில் ஒரு மன்னிப்பு

ஸ்டெபனிக்குப் பிரெஞ்சு படிப்பித்தது கவிதை எழுதுவதற்காக அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் ரொறொன்ரோவின் அஜின்கோர்ட் கடைகளில் கத்தரிக்காய் பொறுக்குகிற சனம் இப்போது வேறு மாதிரிக் கதைக்கிறது. எட்வேட் தன் மகளை ஐந்து வயதில் பிரெஞ்சு வகுப்புள்ள பள்ளிக்கூடத்தில் சேர்த்ததற்கு ஒரேயொரு காரணம்தான் இருந்தது. பிரெஞ்சு தெரிந்தால் ஒட்டாவாவில் கவர்மென்ற் வேலை கையில் என்று, பார்க்டேலில் கூட இருந்த ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். அதை நம்பி, பெயர் பதிகிற நாளன்று விடியற்காலையிலேயே பனிக்குள் போய் வரிசையில் நின்றவர் எட்வேட். முப்பது வருஷமாகியும் அந்தப் பிரெஞ்சு கவர்மென்ற் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. பகலில் அது பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது. மிச்ச நேரத்தில் கவிதை எழுதியது.

அதுவும் லேசுப்பட்ட கவிதை இல்லை. இந்த மாகாணத்தில் பிரெஞ்சில் கவிதை எழுதுகிறவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய பரிசுக்கு அந்த வருஷம் மூன்று புத்தகங்களைத் தெரிந்தெடுத்துப் பெயர் வெளியிட்டார்கள். மூன்றில் ஒன்று ஸ்டெபனியுடையது. செய்தி வந்த நாளிலிருந்து வேரோனிக்காவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் சொன்னாள். டோர்செட் பார்க்கில் அவர்கள் இருந்த கட்டடத்தின் லிப்டில் ஏறி இறங்குகிற சீனத்துக் கிழவிக்கும் சொன்னாள். என்ன புத்தகம், என்ன எழுதியிருக்கிறாள் என்று யாராவது திருப்பிக் கேட்டால் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் சிக்கலாகிவிடும்.

புத்தகத்தின் பெயர் என்னவென்று ஸ்டெபனி சொல்லியிருந்தாள். பிரெஞ்சில் அது என்னமோ, தமிழில் 'பகல் நித்திரை'. அதைக் கேட்டதும் வேரோனிக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது அவளுடைய நித்திரை.

இருபத்தாறு வருஷம் அவள் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்தவள். விடிய எட்டு மணிக்கு வந்து படுத்தால் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் எழும்புவாள். அந்த நேரத்தில் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வானமே இடிந்து விழுந்தாலும் அம்மாவை எழுப்பக்கூடாது. ரெலிபோன் மணியின் சத்தம் ஆகக் குறைத்து வைக்கப்பட்டிருக்கும். குக்கர் விசில் அடிக்கக்கூடாது என்பதால் எட்வேட் பருப்பைச் சட்டியிலேயே அவித்தார். பிள்ளைகள் இரண்டும் குதிக்கால் நிலத்தில் படாமல் நடந்தே வளர்ந்தார்கள். சட்டத்தைப் போட்டவரும் காவல் நின்றவரும் எட்வேட்தான். கார் சீற் தைக்கிற தொழிற்சாலையில் அவருக்கு இரவல் முதுகு போல ஒரு முதுகு மிஞ்சி, நேரத்தோடு ஓய்வு எடுத்த பிறகு, மனைவியின் நித்திரையைக் காப்பதே அவருடைய உத்தியோகமாக இருந்தது.

மகள் தன் இரவு வேலையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாள் என்று வேரோனிக்கா முடிவு கட்டிவிட்டாள். எட்வேட்டும் அப்படித்தான் நினைத்தார். இரண்டு பேருக்கும் பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாது.

பரிசு கொடுக்கிற விழா ஜூன் மாதத்தில். அங்கே போய் ஊமைச்சி மாதிரிக் குந்தியிருக்க மாட்டேன், என் பிள்ளை என்ன எழுதினாள் என்று தெரிந்துகொண்டுதான் போவேன் என்று வேரோனிக்கா பிடிவாதமாக நின்றாள். ஸ்டெபனியிடம் கேட்டால் அவள் வெட்கப்பட்டு நழுவினாள். ஆனால் எங்கள் ஆட்களில் பாரிஸ் நகரத்தில் சொந்தம் இல்லாத குடும்பம் எங்கே இருக்கிறது? வேரோனிக்காவின் தங்கச்சி குடும்பம் முப்பது வருஷமாக அங்கேதான். அந்தத் தங்கச்சியின் மகள் மெலிசா பிரெஞ்சிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழும் வீட்டில் கதைத்துக் கதைத்து நன்றாக வரும். வேரோனிக்கா ஒரு புத்தகத்தைத் தபாலில் பாரிஸுக்கு அனுப்பினாள். அதன் பிறகு தினமும் இங்கே பின்னேரம் மூன்று மணிக்கு, அங்கே மெலிசா வேலையால் வந்து சாப்பிட்டு முடிந்த நேரத்தில், வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும். ஒரு நாளைக்கு ஒரு கவிதை. மெலிசா முதலில் பிரெஞ்சில் வாசிப்பாள், பிறகு தமிழில் சொல்லுவாள். வேரோனிக்கா மேசையில் தன் பிரதியை விரித்து வைத்து, விளங்காத எழுத்துகளில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்பாள். எட்வேட் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி கேட்பார். இரவு பஸ், வெள்ளைச் சப்பாத்து, கிழவர்களைக் குளிப்பாட்டுகிற கை. ஒவ்வொன்றிலும் வேரோனிக்கா இருந்தாள். அவருக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

விழாவுக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஒரு சனிக்கிழமை ஸ்டெபனி வந்தாள். வேரோனிக்கா குளித்துக்கொண்டிருந்தாள். குசினியில் எட்வேட் மீன் வெட்டிக்கொண்டிருக்க, மகள் பக்கத்தில் வந்து நின்று, விழாவில் ஒவ்வொருவரும் ஒரு கவிதை வாசிக்க வேண்டும் என்று சொன்னாள். தான் முப்பத்தெட்டாவதை வாசிக்கப் போகிறாளாம். அவருக்குச் சரியோ என்று கேட்டாள்.

"எது பிள்ளை முப்பத்தெட்டு?"

"யூட்சன்ர போன் கோல், அப்பா. But it's really about Amma. நீங்கள் சொன்ன பிறகும் அவ உங்களை ஒரு சொல்லுச் சொல்லேல்லத்தானே. அதைப் பற்றித்தான்."

எட்வேட் கத்தியைக் கீழே வைத்தார். மகளின் முகத்தில் அவர்மேல் இருந்த அன்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. "வாசி பிள்ளை" என்றார். அதைச் சொன்ன வாயை அறுத்து அந்த மீன் தலையோடு குப்பையில் போட்டிருக்கலாம்.

யூட்சன் ஸ்டெபனியின் தம்பி. ஏழு வருஷத்துக்கு முன், இருபத்தைந்து வயதில், கிங்ஸ்ரனுக்குக் கிட்ட, மொன்றியல்-ரொறொன்ரோ நெடுஞ்சாலையில் பனிக்குள் கார் லொறியில் மோதிச் செத்துப்போனான். அதற்கு ஒன்பது மாதம் முந்தி, படித்த எஞ்சினியரிங்கைக் கடைசி வருஷத்தில் விட்டுவிட்டு, மொன்றியலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கப் போகிறேன் என்று கிளம்பியவன். வேரோனிக்கா வாசலில் நின்று, உன்னுடைய குரலை இனி நான் கேட்கக்கூடாது என்று சொன்னாள். தாய்மார் ஆயிரம் சொல்லுவார்கள். ஆனால் அவன் தாயைப் போலவே ரோசக்காரன். ஒன்பது மாதம் ஒரு தடவை கூட வீட்டுக்கு ரெலிபோன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. பிறகு அவன் செத்துப்போனான். மகன் தன்னோடு கோபமாகவே போய்விட்டான் என்பதுதான் அன்றிலிருந்து வேரோனிக்காவின் நெஞ்சில் கிடக்கிற கல். மாதா மாதம் அவனுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறாள். அவன் ஆத்துமா இளைப்பாற மட்டும் இல்லை, அவன் கோபம் ஆறவும்தான்.

ஆனால் அவன் எடுத்தான். செத்த அன்று காலை பதினொரு மணிக்கு வீட்டு ரெலிபோனுக்கு எடுத்தான். எடுத்ததும் கேட்டது அம்மாவைத்தான். வேரோனிக்கா இரட்டை வேலை செய்துவிட்டு வந்து படுத்திருந்தாள். எட்வேட் குரலைத் தாழ்த்தி, அம்மா படுத்திருக்கிறா என்றார். எழுப்ப வேண்டாம், இப்பவே வெளிக்கிட்டு வந்து நேரில் கதைக்கிறேன் என்று மகன் சொன்னான். அவ்வளவுதான். ரெலிபோனை வைத்துவிட்டு எட்வேட் குசினியில் தனியே நின்று சிரித்தார். ஐந்து மணிக்கு எழும்பி வருகிறவளுக்கு ஒன்றும் சொல்லக்கூடாது, கதவைத் திறந்து மகனைக் காண வேண்டும் அவள் என்று கணக்குப் போட்டு, ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டார். ஐந்து மணிக்கு அவள் எழும்பினாள். சந்தோசத்தை அடக்கிக்கொண்டு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். ஆறரைக்கு அவள் வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. பொலிஸ்.

மகன் எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று அந்தப் பொலிஸ்காரி கேட்டாள். தெரியாது என்றார் எட்வேட். அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் திருப்பி எடுத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. ஆனால் அவள் அங்கே தரையில் கிடந்து தலையை அடித்துக்கொண்டிருக்கும்போது, அவன் உன்னோடு கதைக்க எடுத்தவன், நான்தான் எழுப்பவில்லை என்று எப்படிச் சொல்வது? செத்தவீட்டில் சொல்ல முடியவில்லை. முப்பத்தோராம் நாள் முடியட்டும் என்றார். பிறகு ஆண்டுத் திவசம் முடியட்டும் என்றார். யாரோ சிநேகிதனைப் பார்க்கத்தான் ரொறொன்ரோவுக்கு வந்திருப்பான், எங்களிடம் வந்திருக்க மாட்டான் என்று வேரோனிக்கா தன் வாயாலேயே சொன்னபோதும் அவர் பேசாமல் இருந்தார். சொல்லாத ஒவ்வொரு நாளும், ஏன் நேற்றுச் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்து கனத்தது.

ஸ்டெபனிக்கு மட்டும் சொன்னார். சவப்பெட்டி மூடுவதற்கு முன், மண்டபத்தின் பின்பக்கத்தில், அழுகை தாங்காமல் சொன்னார். அம்மாவுக்குச் சொல்லுங்கோ அப்பா, கட்டாயம் சொல்லுங்கோ என்று அவள் கெஞ்சினாள். இரண்டு மாதம் கழித்து, சொன்னீங்களோ என்று கேட்டாள். ஓம், சொல்லிவிட்டேன் என்றார். அம்மா என்ன சொன்னா என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தா என்றார். பொய் சொல்லப் புறப்பட்டால் வடிவாகத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்தப் பொய்யைத்தான் மகள் ஏழு வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்து கவிதையாக்கியிருக்கிறாள்.

ஸ்டெபனி வந்த அந்தச் சனிக்கிழமை மெலிசா இருபத்தொன்பதாவது கவிதையில் நின்றாள். இன்னும் ஒன்பது நாள் இருந்தது. முதல் நாள் எட்வேட் மனைவிக்குச் சொல்லத்தான் போனார். அவள் விழாவுக்குக் கட்டப் போகிற நீலச் சேலைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, என்ன என்று கேட்டாள். பால் முடிந்துவிட்டது என்றார். மறுநாளும் அப்படித்தான் ஏதோ ஒன்று முடிந்துவிட்டது.

இதில், சுவாமியிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனம் வேறு இருக்கிறது. தமிழ்ப் பூசை வைக்கிற சுவாமியிடம் எட்வேட் இதை வருஷங்களுக்கு முன்னமே சொல்லியிருந்தார். சுவாமி ஒரு செபமும் அபராதமாகக் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் மனிசிக்குச் சொல்லு, அதுதான் உன் அபராதம் என்றார். அதற்குப் பிறகு எட்வேட் பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் பஸ் ஏறி ஒரு வெள்ளைக்காரப் பாதரிடம் போகத் தொடங்கினார். அந்த மனுசனுக்குக் காது மந்தம். எதைச் சொன்னாலும் மூன்று அருள்நிறை மந்திரத்தோடு விட்டுவிடுவார். இப்படி, கடவுளுக்குச் சொன்னார், சுவாமிக்குச் சொன்னார், மகளுக்குச் சொன்னார். சொல்ல வேண்டிய ஆளுக்கு மட்டும் சொல்லவில்லை.

முப்பத்தேழு முடிந்த மறுநாள் காலை, வேரோனிக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து, அவர் மெலிசாவுக்கு எடுத்தார். இன்றைக்கு வாசிக்க இருக்கிற கவிதையை விட்டுவிடு, பிள்ளை என்றார். மெலிசா அதை முன்னமே வாசித்திருந்தாள்.

"பெரியப்பா, இது வடிவான கவிதை. பெரியம்மாவைக் கும்பிடுற மாதிரி எழுதியிருக்கிறா. பெரியம்மாவுக்கு எல்லாம் தெரியும் எண்டுதானே இதில இருக்கு?"

பெரியம்மா கடையால் வரப்போகிறா என்றார் அவர். அவள் விளங்கிக்கொண்டாள். பிறகு மெதுவாக, இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, யூட்சன் அண்ணா கதைக்கிற இடத்தில் என்று தொடங்கினாள். எட்வேட்டுக்கு அதற்கு மேல் கேட்கத் தைரியம் வரவில்லை. போதும் பிள்ளை, நான் கேட்டதை மட்டும் செய் என்று வைத்துவிட்டார். அன்று மூன்று மணிக்கு மெலிசா பனி கொட்டுவதைப் பற்றி ஒரு சின்னக் கவிதை சொன்னாள். பனியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வேரோனிக்கா சலித்துக்கொண்டாள். மூன்று நாளில் புத்தகம் முடிந்தது. எட்வேட் அன்று வயிறாரச் சாப்பிட்டார். விழா பிரெஞ்சில், கவிதை பிரெஞ்சில், கைதட்டி முடிய வீட்டுக்கு வரலாம். இந்தக் கண்டம் தாண்டியாயிற்று என்று நினைத்தார். இப்படி நினைத்தவரைப் பார்த்து எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது, ஆனால் அதோடு பாவமாகவும் இருக்கிறது.

விழா நகர நடுவில் ஒரு சிறிய மண்டபத்தில், பின்னேரம் ஐந்து மணிக்கு நடந்தது. குச்சியில் குத்திய சீஸும் திராட்சையும் கொண்டு திரிந்தார்கள். நீலச் சேலையில் வேரோனிக்கா முன்வரிசையில் இருந்தாள். ஒரு எழுத்தாளர் வந்து கைகொடுத்தபோது, நான்தான் அம்மா என்று ஆங்கிலத்தில் சொன்னாள். முதலில் ஒரு கிழவர் வாசித்தார். பிறகு ஒரு இளம் பெண். மூன்றாவதாக ஸ்டெபனி போய் ஒலிவாங்கியைத் தாழ்த்தினாள்.

சின்னக் குரலில் தொடங்கினாள். விளங்காத சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வேரோனிக்கா தலையை லேசாக ஆட்டிக்கொண்டு, எத்தனையாவது கவிதை இது என்று எட்வேட்டின் காதில் கேட்டாள். அவர் தெரியாது என்று தோளைக் குலுக்கினார். அந்தப் பிரெஞ்சுக்கு நடுவில், ஒரு மூச்சு நிறுத்திவிட்டு, ஸ்டெபனி தமிழில் வாசித்தாள்.

"அம்மா நித்திரையோ அப்பா? எழுப்பாதேங்கோ. நான் வந்து கதைக்கிறன்."

பிறகு மறுபடியும் பிரெஞ்சு. மெலிசா அன்று சொல்ல வந்தது இதைத்தான், பிரெஞ்சு எழுத்திலேயே அச்சாகியிருந்த தமிழ்.

மண்டபத்தில் இருந்த நூறு பேருக்கு அது காதுக்கு இனிமையான வேற்றுமொழிச் சத்தம். இரண்டு பேருக்கு மட்டும் அது யூட்சன். எட்வேட் பக்கத்தில் பார்க்கவில்லை. வேரோனிக்காவின் தலை ஆடுவது நின்றதை மட்டும் கண்ணோரத்தில் கண்டார். தம்பியை நினைத்துப் பிள்ளை கற்பனையில் எழுதியிருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளட்டும், மாதாவே, அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர் மனதுக்குள் மன்றாடினார்.

மாதா அன்று வேறு வேலையாக இருந்திருப்பா. பரிசு ஸ்டெபனிக்கே கிடைத்தது. பெயர் சொன்னதும் அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடி, பிறகு மேடைக்கு ஓடினாள். பிரெஞ்சில் நன்றி சொன்னாள். அதன் பின், என் அப்பா அம்மாவுக்கு விளங்க வேண்டும் என்று சொல்லி ஆங்கிலத்துக்கு மாறினாள். கிழவர்களோடு இருபத்தாறு வருஷம் கதைத்த வேரோனிக்காவுக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். தம்பி செத்த அன்று காலை வீட்டுக்கு எடுத்ததை ஸ்டெபனி சொன்னாள். அம்மாவோடு சமாதானமாக அவன் வந்துகொண்டிருந்ததைச் சொன்னாள். இரவு முழுக்க வேலை செய்துவிட்டுப் படுத்திருந்த அம்மாவை அப்பா எழுப்பாமல் விட்டதையும், அதை அப்பா பிறகு அழுது சொன்னபோது அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டதையும் சொன்னாள். மன்னிப்பு என்றால் என்னவென்று தான் படித்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை, இதோ இந்த முன்வரிசையில் என்று கையை நீட்டினாள்.

எல்லாரும் திரும்பினார்கள். எல்லாரும் எழும்பிக் கைதட்டினார்கள். வேரோனிக்கா ஒரு கணம் அப்படியே இருந்தாள். எட்வேட்டுக்கு அந்த ஒரு கணத்தில் ஏழு வருஷமும் கழிந்தது. பிறகு அவள் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு எழும்பி, சபைக்குத் தலைகுனிந்தாள். ஸ்டெபனி ஓடிவந்து கட்டிப்பிடித்தபோது மகளின் தலையைத் தடவி, நல்லா எழுதியிருக்கிறாய் பிள்ளை என்றாள். யாரோ படம் எடுக்க வந்தார்கள். கணவன் மனைவி கையைப் பிடித்தபடி நிற்கச் சொன்னார்கள். வேரோனிக்கா கையைக் கொடுத்தாள். அது ஐஸ் மாதிரி இருந்தது.

ஸ்டெபனியைப் பதிப்பகத்தார் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு பேரும் சப்வேயில் திரும்பினார்கள். மெயின் ஸ்ரீற் தாண்டி ரயில் நிலத்துக்கு மேலே வந்தபோது வேரோனிக்கா யன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே ஜூன் மாதத்து வெயில் இன்னும் கிடந்தது.

"எத்தினை மணிக்கு எடுத்தவன்?" என்றாள்.

"பதினொண்டு இருக்கும்."

"இஞ்சயோ வந்தவன்?"

"ஓம். உம்மைப் பாக்கத்தான் வந்தவன்."

அவள் தலையாட்டினாள். எட்வேட் ஏழு வருஷமாக மனதில் பாடமாக்கி வைத்திருந்த அத்தனையையும் சொல்ல வாயெடுத்தார். அரிசி கூடப் போட்டதையும், கதவைத் திறந்து அவள் காண வேண்டும் என்று ஆசைப்பட்டதையும் சொன்னார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"மாசா மாசம் பூசை குடுத்தனான். அவன்ர கோவம் ஆறவேணும் எண்டு. நீங்கள் பக்கத்தில முழந்தாளில இருந்தனீங்கள்."

அவருக்கு அழுகைதான் வந்தது. எதிரே இருந்த பெண் தன் பைக்குள் தேடி ஒரு ரிசு பேப்பரை நீட்டினாள். வேரோனிக்காதான் அதை வாங்கி அவர் கையில் கொடுத்தாள். ஏதாவது திட்ட மாட்டாளா, கன்னத்தில் ஒன்று போட மாட்டாளா என்று அவருக்கு இருந்தது.

"பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். "எனக்கு அப்பவே தெரியும் எண்டே இருக்கட்டும். அவள் எழுதினது பொய்யாப் போகக்கூடாது."

"அப்ப என்னை..."

"அதைக் கேக்காதேங்கோ. அது புத்தகத்தில இருக்கு. என்னட்டை இன்னும் இல்லை."

கென்னடி ஸ்ரேசனில் சனம் முழுக்க இறங்கியது. கடைசி நிறுத்தம் அது. இரண்டு பேரும் எழும்பவில்லை. ரயிலைத் துப்புரவாக்க வந்த பெடியன் அவர்களைப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனான். வேரோனிக்கா மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டு, அவருக்கென்று இல்லாமல், தனக்குள் கணக்குப் பார்க்கிறவள் மாதிரிச் சொன்னாள்.

"அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை. முழிச்சுத்தான் கிடந்தனான். போன் அடிச்சது கேட்டது. அம்மா படுத்திருக்கிறா எண்டு நீங்கள் மெல்லச் சொன்னதும் கேட்டது. ஸ்டெபனியாக்கும் எண்டு நினைச்சன். என்னை எழுப்பாமல் பாக்கிறார், இந்த மனுசன் எவ்வளவு நல்லவர் எண்டு நினைச்சுக்கொண்டு, மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தனான்."